காலித் ஜமீலை மாற்றலாமா, வேண்டாமா? இந்தியக் கால்பந்து ரசிகர்கள் மோதிக்கொள்வது ஏன்?

2025 நவம்பர் 18. டாக்கா தேசிய மைதானம். ஆட்டம் தொடங்கி 11 நிமிஷம்தான். வங்கதேசத்தின் ஷேக் மொர்சாலின் கோல் அடித்துவிட்டார். அதற்கப்புறம் கடைசி விசில் வரைக்கும் இந்தியாவால் ஒரு கோல்கூட திருப்பி அடிக்க முடியவில்லை. 0-1 தோல்வி.

ஃபிஃபா தரவரிசையில் 136-வது இடத்தில் இருந்த அணி, 183-வது இடத்தில் இருந்த அணியிடம் தோற்றது. வங்கதேசத்திடம் இந்தியா தோற்பது 2003-க்குப் பிறகு, அதாவது 22 வருஷத்துக்குப் பிறகு, இதுதான் முதல் முறை. அடுத்து வந்த பட்டியலில் இந்தியா 142-வது இடத்துக்கு இறங்கிவிட்டது.

அன்றைக்கே ரசிகர்கள் மத்தியில் பழைய கேள்வி புதிதாகக் கிளம்பியது: "கோச்சை மாத்துங்க!" உடனே இன்னொரு தரப்பு, "வந்து நாலு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ளயா?" என்று எதிர்க்கேள்வி கேட்கிறது. ரெண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. என்னதான் பிரச்சனை? கோச்சை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? எளிமையாகப் பார்க்கலாம்.

இதுவரை நடந்தது என்ன?

ஒன்றரை வருஷத்துக்குள் இந்திய ஆண்கள் அணி மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டது.

முதலாமவர், குரோஷியாவைச் சேர்ந்த இகோர் ஸ்டிமாச். 2019-ல் வந்தார். 2023-ல் இன்டர்கான்டினென்டல் கோப்பை, தெற்காசிய சாம்பியன்ஷிப் என வரிசையாக ஜெயித்ததில், அந்த ஜூலையில் இந்தியா தரவரிசையில் 99-வது இடத்துக்கு ஏறியது. 2026 வரை ஒப்பந்தமும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று போட்டி, மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாட்டியில், சொந்த மண்ணில், ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோல்வி. ஜூனில் உலகக் கோப்பை தகுதிச் சுற்றிலிருந்து இந்தியா வெளியேறியதும், ஜூன் 17-ம் தேதி ஸ்டிமாச் நீக்கப்பட்டார்.

இரண்டாமவர், ஸ்பெயின் நாட்டு மனோலோ மார்க்கெஸ். எஃப்சி கோவா அணிக்கும் இந்திய அணிக்கும் ஒரே நேரத்தில் கோச்சாக இருந்தார். 8 போட்டிகளில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. 2025 ஜூனில் ஹாங்காங்கிடம் கடைசி நேர பெனால்டியில் தோற்றதும், ஜூலை தொடக்கத்தில் அவரும் விடைபெற்றார்.

மூன்றாமவர்தான் காலித் ஜமீல். சுமார் 170 பேர் விண்ணப்பித்த அந்த வேலைக்கு 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி தேர்வானார். 2012-க்குப் பிறகு இந்திய அணியின் முழுநேரப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். சின்ன அணியான ஐஸ்வால் எஃப்சியை 2017-ல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர் என்பதால் ரசிகர்களிடம் தனி மரியாதை.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. மத்திய ஆசிய நாடுகளின் தொடரில் தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்றது இந்தியா. மூன்றாம் இடத்துக்கான போட்டியில் ஓமனை பெனால்டி ஷூட் அவுட்டில் சாய்த்தது. "இதோ வந்துட்டாருய்யா நம்ம ஆளு" என்று கொண்டாடினார்கள்.

அந்தக் கொண்டாட்டம் அக்டோபர் வரைக்கும்தான் நீடித்தது. சிங்கப்பூரில் 10 பேரோடு ஆடி, ரஹீம் அலியின் கடைசி நிமிஷ கோலால் 1-1 டிரா. ஐந்து நாள் கழித்து கோவாவில் அதே சிங்கப்பூரிடம், சாங்டே அடித்த கோலால் முன்னிலை பெற்றும், 1-2 என்று தோல்வி. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு அங்கேயே முடிந்தது. டாக்கா தோல்வி அதற்கு மேல் விழுந்த அடி.

"மாத்துங்க" என்பவர்கள் சொல்வது என்ன?

இவர்கள் வாதம் மூன்று.

ஒன்று, ரிசல்ட். "சிங்கப்பூர்கிட்ட சொந்த மண்ணுல முன்னிலை எடுத்துட்டு தோத்தோம். வங்கதேசத்துக்கிட்ட கோலே அடிக்கலை. இதுக்கு யார் பொறுப்பு?" என்கிறார்கள். அணியைத் தேர்வு செய்வது கோச், ஆட்டத் திட்டம் போடுவது கோச், மாற்று வீரரை எப்போது இறக்குவது என்று முடிவெடுப்பதும் கோச். அப்போது கேள்வியும் அவரிடம்தானே போகும்?

இரண்டு, ஆட்டப் பாணி. ஜமீலின் அணிகள் பின்னால் கட்டுக்கோப்பாக நின்று, கிடைக்கும் நேரத்தில் பாய்ந்து கோல் அடிக்கும் பாணிக்குப் பெயர் போனவை. ஈரான், ஓமன் மாதிரி பெரிய அணிகளிடம் அது சரி. நாமே பந்தை வைத்து ஆடி, எதிரணியின் பூட்டை உடைக்க வேண்டிய போட்டிகளில் இது போதுமா என்பது இவர்கள் கேள்வி.

மூன்று, நேரம். 2027 ஆசியக் கோப்பை கைவிட்டுப் போனது. அடுத்தது 2031-ல்தான். மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்றினால்தான் புது ஆளுக்கு முழு அவகாசம் கிடைக்கும் என்கிறார்கள்.

"வேண்டாம்" என்பவர்கள் சொல்வது என்ன?

இவர்கள் கேட்பது: "அவர் கையில என்ன இருந்துச்சு?"

தேசிய அணி கோச், கிளப் கோச் மாதிரி கிடையாது. தினமும் பயிற்சி கொடுக்க முடியாது. ஸ்ட்ரைக்கர் சரியில்லை என்றால் காசு கொடுத்து வேறு ஆளை வாங்கவும் முடியாது. சர்வதேசப் போட்டிகளுக்காக ஃபிஃபா ஒதுக்கும் சில நாட்களில்தான் வீரர்கள் அவரிடம் வருவார்கள். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று ஜமீலுக்குக் கிடைத்தது அப்படி மூன்றே மூன்று வாய்ப்பு. முதல் முகாமுக்கே எல்லா கிளப்புகளும் வீரர்களை அனுப்பவில்லை.

அதைவிட முக்கியம், லீக். வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் ஐஎஸ்எல் 2025-ல் தொடங்கவே இல்லை. அதை நடத்தும் வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. புதிய ஒப்பந்தத்துக்கு இந்தியக் கால்பந்து சம்மேளனமான ஏஐஎஃப்எஃப் டெண்டர் விட்டது. நவம்பர் 7 கடைசி நாள். ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. லீக் ஆடாமல், ஆட்ட நேரம் இல்லாமல் வரும் வீரர்களை வைத்து எந்த கோச் என்ன செய்ய முடியும் என்பதுதான் இவர்கள் கேள்வி.

காசும் இருக்கிறது. ஸ்டிமாச்சின் ஒப்பந்தத்தை நடுவில் முறித்ததற்காக ஏஐஎஃப்எஃப் அவருக்கு 4 லட்சம் அமெரிக்க டாலர், அதாவது மூன்று கோடி ரூபாய்க்கு மேல், கொடுத்துதான் விவகாரத்தை முடித்தது.

கோச்சை மாற்றினால் உண்மையிலேயே பலன் உண்டா?

"புது கோச் வந்ததும் டீம் ஜெயிக்க ஆரம்பிச்சிடுச்சு" என்று அடிக்கடி கேட்கிறோம். அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு.

நெதர்லாந்து பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் போட்டிகளை எடுத்து ஆராய்ந்தார். கோச்சை நீக்கிய அணிகள் அதற்குப் பிறகு கொஞ்சம் மீண்டு வந்தது உண்மைதான். ஆனால் அதே அளவு சரிவில் இருந்தும் கோச்சை நீக்காத அணிகளும் கிட்டத்தட்ட அதே மாதிரி மீண்டு வந்திருந்தன.

ஏன் இப்படி? நம்ம ஊரில் ஜலதோஷத்தைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு: மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் சரியாகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் சரியாகும். தொடர் தோல்வியின் அடிமட்டத்தில்தான் கோச்சை நீக்குகிறார்கள். அதற்குக் கீழே போக இடம் குறைவு. தானாக வரும் ஏற்றமும் புது கோச்சின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

இது கிளப் அணிகளை வைத்துச் செய்த ஆய்வு. தேசிய அணிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது: இந்தியா ஆடிய அதே தகுதிச் சுற்றுப் பிரிவு.

ஒரே பிரிவு, நான்கு அணிகள், நான்கு கதை

இந்தப் பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டும்தான் ஆசியக் கோப்பையில் இடம்.

சிங்கப்பூர்: தகுதிச் சுற்றின் நடுவில், 2025 ஜூனில், ஜப்பானியரான கோச் சுடோமு ஓகுரா விலகினார். அவருடைய உதவியாளராக இருந்த கேவின் லீ தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அணி ஆசியக் கோப்பைக்கே தகுதி பெற்றுவிட்டது. ஆக, மாற்றம் பலித்தது. ஆனால் கவனியுங்கள், வந்தவர் வெளியாள் இல்லை. அந்த அணியோடு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர்.

ஹாங்காங்: 2024-ல் புது கோச்சாக ஆஷ்லி வெஸ்ட்வுட் வந்தார். பெயர் பழக்கமாக இருக்கிறதா? பெங்களூரு எஃப்சிக்கு ஐ-லீக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ஆள்தான். இந்திய வீரர்களை நன்றாகத் தெரிந்த அவர், ஜூனில் இந்தியாவை வீழ்த்தினார். ஆனாலும் ஹாங்காங் தகுதி பெறவில்லை.

வங்கதேசம்: 2022 ஜனவரியிலிருந்து ஒரே கோச், ஸ்பெயினைச் சேர்ந்த ஹாவியர் கப்ரேரா. அங்கேயும் ரசிகர்கள் அவரை மாற்றச் சொல்லி சத்தம் போட்டார்கள். மாற்றவில்லை. மாறாக, இங்கிலாந்தில் வளர்ந்த ஹம்சா சௌத்ரி மாதிரி வீரர்களை அணிக்குள் கொண்டுவந்தார்கள். அவர்களும் தகுதி பெறவில்லை. ஆனால் இந்தியாவை வென்றார்கள்.

இந்தியா: நடுவில் கோச்சை மாற்றியது. டாக்கா வரைக்கும் ஐந்து போட்டியில் 2 டிரா, 3 தோல்வி. அப்போது கடைசி இடம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மாற்றியவர்களில் ஒருவர் ஜெயித்தார், இருவர் ஜெயிக்கவில்லை. மாற்றாதவரும் தகுதி பெறவில்லை. கோச்சை மாற்றுவதோ வைத்திருப்பதோ மட்டும் எதையும் தீர்மானிக்கவில்லை.

பொறுமைக்குப் பலன் கிடைத்த கதைகள்

இந்தியாவிலேயே ரெண்டு உதாரணம் இருக்கிறது.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக். யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. கோச், ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அதோடு அவர் கதை முடிந்துவிடவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவர் தயார் செய்த அணி அரையிறுதி வரை போய் நான்காம் இடம் பிடித்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கமே வென்றது. அஜய் தேவ்கன் நடித்த 'மைதான்' படம் இவரைப் பற்றியதுதான்.

அடுத்து, ஸ்டீபன் கான்ஸ்டன்டைன். 2015-ல் இரண்டாவது முறையாகப் பொறுப்பேற்றார். அந்த வருஷம் இந்தியா 173-வது இடம் வரை போனது. அந்த வருஷமே குட்டித் தீவான குவாமிடம் 1-2 என்று தோல்வி. உலகக் கோப்பை தகுதிச் சுற்றின் 8 போட்டிகளில் 7 தோல்வி. இன்றைக்கு இருக்கும் கோபத்தோடு பார்த்தால் அன்றைக்கே அனுப்பியிருப்போம். அனுப்பவில்லை. 2017-ல் இந்தியா 96-வது இடத்தைத் தொட்டது. 2019 ஆசியக் கோப்பைக்கும் தகுதி பெற்றது.

ஆனால் பொறுமை எப்போதும் பலிக்கும் என்றும் சொல்ல முடியாது. ஸ்டிமாச்சுக்கு ஐந்து வருஷம் கொடுத்தோம். 2023-ல் ஏறிய அணி 2024-ல் அதைவிட வேகமாக இறங்கியது.

அப்போ உண்மையான பிரச்சனை எங்கே?

ஒரு கணக்கு போடலாம். உலகக் கோப்பை தகுதிச் சுற்று, ஆசியக் கோப்பை, ஆசியக் கோப்பை தகுதிச் சுற்று. 2023 நவம்பரிலிருந்து டாக்கா வரைக்கும் இந்த மூன்றிலும் இந்தியா ஆடியது 14 போட்டி. வெற்றி 1. டிரா 4. தோல்வி 9.

இந்த 14 போட்டியில் அடித்த மொத்த கோல்? ஐந்து. ஸ்டிமாச் இருந்தபோது 9 போட்டியில் 3. மார்க்கெஸ் இருந்தபோது 2 போட்டியில் பூஜ்யம். ஜமீலின் 3 போட்டியில் 2.

குரோஷியர், ஸ்பானியர், இந்தியர். மூன்று ஆள், மூன்று பாணி. ஆனால் கோல் வறட்சி மட்டும் ஒன்றுதான்.

காரணத்தைத் தேடினால் அது லீக்கில் போய் நிற்கிறது. ஐஎஸ்எல் தொடங்கியது 2014-ல். 2024-25 வரைக்கும் ஒரு சீசனில்கூட அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ஒரு இந்தியர் வாங்கியது கிடையாது. நம்ம சென்னையின் எஃப்சியிலேயே எலானோ, மென்டோசா, வால்ஸ்கிஸ் என்று மூன்று பேர் வாங்கியிருக்கிறார்கள். மூவருமே வெளிநாட்டுக்காரர்கள்.

அவர்கள் மேல் குற்றம் இல்லை. ஒரு கிளப் களத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களை இறக்கலாம் என்று விதி. ஜெயிக்க நினைக்கும் எந்த கிளப்பும் அந்த இடங்களில் ஒன்றையாவது ஸ்ட்ரைக்கருக்குத்தான் கொடுக்கும். இதனால் இந்திய ஸ்ட்ரைக்கர் பெஞ்சில் உட்காருவார், இல்லையென்றால் விங்குக்குத் தள்ளப்படுவார். வாரா வாரம் கோல் முன்னால் நின்று பழகாதவர், நாட்டுக்காக ஆடும்போது திடீரென்று அடிக்க முடியுமா?

இதற்குப் பெரிய சாட்சி சுனில் சேத்ரி. 2024 ஜூனில் சர்வதேசப் போட்டியிலிருந்து ஓய்வு பெற்றவரை, 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்ப அழைத்து வந்தார்கள். பாசத்தால் அழைக்கவில்லை. 2024-25 ஐஎஸ்எல்லில் 14 கோல் அடித்து, இந்தியர்களில் முதலிடத்தில் இருந்தது அவர்தான். இருபது வயசுப் பையன்கள் இருக்க வேண்டிய இடம் அது.

அப்படியென்றால் கோச்சிடம் கேள்வியே கேட்கக்கூடாதா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் "தோத்துட்டார், அனுப்பு" என்பதைவிட உபயோகமான கேள்விகள் இருக்கின்றன.

அணி கோல் வாய்ப்புகளை உருவாக்கித் தவறவிடுகிறதா, இல்லை வாய்ப்பே உருவாக்கவில்லையா? முதலாவது என்றால் வீரர்களின் திறன் பிரச்சனை. இரண்டாவது என்றால் திட்டம் பிரச்சனை, அதற்கு கோச் பதில் சொல்ல வேண்டும்.

ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறதா? கோவாவில் முன்னிலையை இழந்தது ஒரு தடவை நடந்தால் விபத்து. பழக்கமாகிவிட்டால் அது பயிற்சியின் குறை.

புது வீரர்களுக்கு வாய்ப்பு தருகிறாரா? ஆசியக் கோப்பை கைவிட்டுப் போன பிறகும் பழைய முகங்களையே வைத்து ஆடினால், அவரை வைத்திருப்பதால் என்ன லாபம்?

அவருக்குப் பதில் யார்? வரப்போகிறவருக்கும் இதே லீக், இதே சில நாள் முகாம், இதே ஸ்ட்ரைக்கர்கள்தான். அதில் அவர் என்ன வித்தியாசமாகச் செய்வார் என்று சொல்ல முடியாவிட்டால், மாறுவது பெயர்ப் பலகை மட்டும்தான்.

கடைசியாக, கோச்சைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் யார் கேட்பது? மூன்று கோச் வந்து போகும் அளவுக்கு நிலைமை இருக்கும்போது, தேர்வு செய்தவர்களும் லீக்கை நடத்த வேண்டியவர்களும் கேள்விக்கு அப்பாற்பட்டவர்கள் இல்லை. கோச்சை நீக்கினால் ஒரு நாள் தலைப்புச் செய்தி. ரசிகர்களின் கோபமும் கொஞ்சம் அடங்கும். அந்த அமைதியில் மற்ற எல்லோரும் தப்பித்துவிடுவார்கள். சண்டை போடும் ரெண்டு தரப்பு ரசிகர்களும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

இதில் யாருக்கு இழப்பு?

2019, 2023 என்று தொடர்ந்து இரண்டு முறை ஆசியக் கோப்பையில் ஆடிய இந்தியா, 2027-ல் சவுதி அரேபியாவில் இல்லை. இன்றைக்கு 25 வயதில் இருக்கும் ஒரு வீரருக்கு அடுத்த வாய்ப்பு வரும்போது 30 தாண்டியிருக்கும். அவருடைய விளையாட்டு வாழ்க்கையின் நல்ல வருஷங்கள் பெரிய மேடை இல்லாமலே போய்விடும். லீக்கும் நடக்காவிட்டால், பல பேருக்கு சம்பளமே கேள்விக்குறி.

அடுத்து என்ன?

தகுதிச் சுற்றின் கடைசிப் போட்டி 2026 மார்ச் 31-ம் தேதி, சொந்த மண்ணில், ஹாங்காங்குக்கு எதிராக. ஜெயித்தாலும் தோற்றாலும் ஆசியக் கோப்பைக் கணக்கு மாறாது. அதனாலேயே அது நல்ல வாய்ப்பு. இழக்க எதுவும் இல்லாத ஒரு போட்டியில் எத்தனை இளம் வீரர்கள் களமிறங்குகிறார்கள், முன்வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஜமீல் தொடரலாமா என்பதற்கு ஸ்கோரைவிட அந்த 11 பேர் பட்டியல் நல்ல பதில் சொல்லும்.

லீக் ஒழுங்காக நடக்கிறதா என்பதையும் பாருங்கள். அது நடக்காவிட்டால், பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தாலும் நிலைமை இதேதான்.